செண்பகாவுக்கு வளைகாப்பு

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. முதுநகர் பஸ் நிறுத்தத்தில் தோளில் ஒரு அண்டாவோடு நின்றான் இளவரசு. அண்டாவில் நாற்பது பேருக்கான புளிச்சோறு. அது அவனுக்கு ஒரு கனமே இல்லை. ரயில்வே குட்ஸ் ஷெட்டில் இருபது வருடமாக உர மூட்டை இறக்குகிற தோள். அன்றைக்குக் கனத்ததெல்லாம் சட்டைப்பையில் இருந்த செல்போன்தான்.

"பாத்து மாமா, சாயுது" என்றாள் ஜெயராணி. "வாழ எலையப் போட்டுக் கட்டியிருக்கேன். எண்ண கசிஞ்சா சட்ட போச்சு."

"சாயாது."

"வாயத் தொறந்தா ஒரே வார்த்த. ரெண்டாவது பேசுனா பல்லு கொட்டிடுமா?"

பஸ் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு அண்டா உள்ளே போனது. பின்னாலேயே ஜெயராணி போனாள்.

கண்டக்டர் அண்டாவைப் பார்த்தார். "என்னாண்ணே, யாருக்குக் கல்யாணம்?"

"வளகாப்பு" என்றாள் ஜெயராணி.

"பொண்ணுக்கா?"

"எங்க பொண்ணு இன்னும் படிக்குது. இது செண்பகாவுக்கு. 'நடுவாசல்' செண்பகாவுக்கு."

டிக்கெட் கிழித்த கை அப்படியே நின்றது. "டிவியில பாதியில நிறுத்துனானுங்களே, அந்தச் செண்பகாவா? எங்க வீட்ல ஒரு வாரம் மூஞ்சத் தூக்கி வெச்சிருந்தா. அதுக்கு இப்ப எத்தினி மாசம்?"

"ஏழு. நாங்க பாத்துக்குறோம், கவலப்பட வேணாம்னு சொல்லுங்க."

கண்டக்டர் சிரித்துக்கொண்டே லக்கேஜ் டிக்கெட் போடாமல் போய்விட்டார்.

செண்பகா கதை ஊருக்கே தெரிந்ததுதான். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா "ரெண்டு மாசம்" என்று சொன்னாள். புருஷன் சந்திரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிநாடு கிளம்பினான். திங்கட்கிழமை டிவியைப் போட்டால் அந்த நேரத்தில் சமையல் போட்டி. செண்பகா என்ன ஆனாள் என்று சேனல்காரன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதைப் பொறுக்க முடியாத பெண்கள் முன்னூறு பேர் செல்போனில், நம்பர் தெரியாமல் பெயர் மட்டும் தெரிகிற ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர் 'நடுவாசல் தோழிகள்'. பெண்கள் மட்டும். செண்பகாவின் மீதிக் கதையை ஆளாளுக்கு எழுதினார்கள். காலண்டரைப் பார்த்து அவளுக்கு மாதக் கணக்கு வைத்தார்கள். எழுதியவர்களில் எல்லாரும் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது ஸ்வர்ணலதாவை. அவளை யாரும் பார்த்ததில்லை.

அந்த ஸ்வர்ணலதா இப்போது சிதம்பரம் பஸ்ஸில், இரண்டு முழங்காலுக்கு நடுவே அண்டாவை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தான் என்று சொல்ல வேண்டும்.

இளவரசு ஐந்தாவதோடு நின்றவன். சாயங்காலம் ஜெயராணி சீரியல் பார்க்கும்போது, முதுகைக் காட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்தபடி முழுக் கதையையும் கேட்டுவிடுவான். சீரியல் நின்றபோது ஜெயராணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் குழுவில் சேர்ந்து போனும் கையுமாக ஆனாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். எல்லாக் கதையிலும் செண்பகாவின் மாமியாரை ராட்சசி ஆக்கியிருந்தார்கள். 'அந்தம்மா அப்படிப்பட்டது இல்லியே' என்று அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது.

அந்த ஒரு வரியைச் சொல்லத்தான் தன் போனிலிருந்து குழுவுக்குள் போனான். பெயர் கேட்டார்கள். குட்ஸ் ஷெட்டுக்கு எதிரே இருக்கிற பாத்திரக்கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துப் போட்டான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளை என்று கூடவே இரண்டு பொய்.

ஒரு வரி ஒரு பக்கமானது. பக்கம் அத்தியாயமானது. மதியம் மற்றவர்கள் மூட்டைமேல் சாய்ந்து கண் அசரும்போது இவன் ஒற்றை விரலால் எழுதுவான். அறுபத்தோரு அத்தியாயம் ஆகிவிட்டது. ஷெட்டில் காலையிலிருந்து "ஏய், நாலாம் நம்பரு!" என்று அழைக்கப்படுகிறவனை, போனைத் திறந்தால் "அக்கா, இன்னிக்கு அழ வெச்சிட்டீங்க" என்று இருநூறு பேர் கூப்பிட்டார்கள். அந்த ருசி அவனை விடவில்லை.

ஏழாம் அத்தியாயத்துக்குக் 'கடலூர் ராணி' என்று ஒருத்தி தனியாக எழுதினாள். "அக்கா, உங்க கதையப் படிச்சா யாரோ பக்கத்துல உக்காந்து என்னக் கேக்குற மாதிரி இருக்குது."

ஜெயராணியின் போனில் பார்த்த பெயர் அது; யாரென்று அவனுக்கு உடனே தெரிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "என்னம்மா கஷ்டம், அக்காகிட்ட சொல்லு" என்று பதில் போட்டான்.

அவள் சொன்னாள். வாரத்துக்கு இரண்டு தடவை சொன்னாள்.

போன வாரம் லீவுக்கு வந்த மகள் ஸ்ரீமதி, ரீசார்ஜ் செய்ய அப்பாவின் போனை வாங்கினாள். எல்லாவற்றையும் பார்த்தாள். "வளகாப்புக்குள்ள நீயே அம்மாகிட்ட சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்" என்று கெடு வைத்துவிட்டு சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போனாள்.

இன்றைக்குத்தான் வளைகாப்பு.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமதி காத்திருந்தாள். ஜெயராணி பூ வாங்க நகர்ந்ததும் அப்பாவிடம் வந்தாள்.

"சொல்லிட்டியாப்பா?"

"பஸ்ல கூட்டம்."

"நேத்து வீட்ல?"

"புளி கரைச்சிட்டிருந்தா."

"முந்தா நேத்து?"

இளவரசு அண்டாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான். "நான் யார்கிட்டயும் எதையும் சொல்லல, ஸ்ரீமதி. ஒரு தப்பு நெனப்பு கெடையாது."

"அது உனக்குத் தெரியும். அவுங்களுக்கு?" என்றாள் மகள். "அக்கான்னு நெனச்சுதானப்பா எல்லாத்தையும் கொட்டுறாங்க."

கீழவீதியில் ஜாக்கெட் தைக்கிற கடை சிவகாமுவுடையது. குழுவைத் தொடங்கியதும் அவள்தான். கடைக்கு மேலே இருந்த அறையில் கோலம் போட்டு, நாற்காலிக்கு அரக்குப் பட்டுச் சேலை சுற்றி வைத்திருந்தாள். விசேஷ நாளிலும் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் என்று முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் முன்னே பின்னே பார்த்ததில்லை.

"நீங்கதான் மழைத்துளியா?"

"ஆமாங்க. நீங்க?"

"கத்தரிப்பூ."

"யம்மா, கத்தரிப்பூவா! அந்தச் சண்ட போட்டீங்களே, நான் ஏதோ காலேஜ் பொண்ணுன்னு நெனச்சேன்."

"பேரன் இருக்கான் எனக்கு."

கெக்கெக்கே என்று சிரிப்பு. ஒருத்திகூட இன்னொருத்தியின் சொந்தப் பெயரையோ, ஜாதி ஜனத்தையோ, புருஷன் என்ன வேலை என்பதையோ கேட்கவில்லை. அது சிவகாமு போட்ட சட்டம்.

நாற்காலியில் பவானி உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வயது. மங்கலம்பேட்டைப் பெண். மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டதில் இரண்டு வீடும் கதவைச் சாத்திவிட்டன. வளைகாப்புப் போட ஆளில்லை என்று ஒருநாள் குழுவில் எழுதிவிட்டாள். "செண்பகாவுக்கும் ஏழு மாசம், உனக்கும் ஏழு மாசம். ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டுடலாம் வாடி" என்றாள் சிவகாமு. அப்படி வந்ததுதான் இந்த விசேஷம்.

இளவரசு அண்டாவை இறக்கி வைத்தான். ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். அவன் எழுத்தில் பிறந்த மாதிரி முப்பது முகங்கள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஆம்பளைங்க கீழ" என்றாள் சிவகாமு.

அவன் இறங்கிப் பாதிப் படியில் உட்கார்ந்தான். அங்கிருந்து பேச்சு கேட்கும். ஆள் தெரியாது.

முதலில் போட வேண்டிய வேப்பிலைக் காப்பை ஸ்வர்ணலதா அக்காதான் போட வேண்டும் என்று குழுவே முடிவு செய்திருந்தது. "வாங்க அக்கா, வாங்க அக்கா" என்று நூறு பேர் நெருக்கியதில், முடியாது என்று சொல்ல வாய் வராமல், "வரப் பாக்குறேன்" என்று போட்டுத் தொலைத்திருந்தான். மணி பதினொன்று ஆனது. மேலே எல்லாரும் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று படியில் இருந்தபடியே அவனுக்குப் புரிந்தது.

"அது வர்ற வரைக்கும் போன வார அத்தியாயத்தப் படிப்போம்" என்றாள் சிவகாமு. "கடலூர் ராணி, நீ படி. கணீர்னு இருக்குது உன் கொரலு."

ஜெயராணி வெட்கப்பட்டாள். தொண்டையைச் செருமினாள். படித்தாள்.

"'சந்திரனின் கடிதத்தைச் செண்பகா மூன்றாம் முறை படித்தாள். மாடு கன்று போட்டதா என்று கேட்டிருந்தான். கிணற்று மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டிருந்தான். தெற்கு வரப்பைச் சரி செய்தார்களா என்று கேட்டிருந்தான். எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவள் எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை.'"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இளவரசு படியின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். குட்ஸ் ஷெட்டில் வியர்வையோடு எழுதிய வரிகள் அவன் பெண்டாட்டியின் வாயில் கேட்டபோது வேறு யாரோ எழுதியது போல அழகாக இருந்தன. இருபத்தோரு வருடத்தில் அவள் இவ்வளவு நேரம் படித்து அவன் கேட்டதே இல்லை.

"'கட்டிலில் குப்புற விழுந்தாள். தலையணையில் முகம் புதைத்து, விடியும் வரைக்கும் அப்படியே கிடந்து அழுதாள்.'"

"அய்யய்யோ!" பவானி வாய்விட்டுச் சிரித்தாள். "ஏழு மாசத்துலயா? குப்புறவா? அக்கா, நான் ஒருக்களிச்சுப் படுக்கவே ரெண்டு தலகாணி முட்டுக் கொடுக்குறேன்!"

அறையே குலுங்கியது. "வயித்துக்கு அடியில பள்ளம் தோண்டி வெச்சிருப்பாளோ?" என்றாள் கத்தரிப்பூ. இன்னும் சிரிப்பு.

அதற்குள் ஒரு குரல், "புள்ள பெத்தவ எவளும் இத எழுத மாட்டா" என்றது.

"ரெண்டு புள்ளன்னு சொல்லிச்சே ஸ்வர்ணலதா?"

"அதான் நானும் யோசிக்கிறேன்."

சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அணைந்தது.

இளவரசுவும் யோசித்தான். ஸ்ரீமதி வயிற்றில் இருந்த ஏழாம் மாதம் ஜெயராணி எப்படிப் படுத்தாள்? ஞாபகம் வரவில்லை. அவன் பார்க்கவே இல்லை என்பதுதான் நிஜம். விடியுமுன் லோடுக்குப் போய் இருட்டி வந்து விழுந்து தூங்கியவன்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன இன்னொரு குரூப்பு வெச்சிருந்தேன்" என்றாள் சிவகாமு. குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "பொம்பள பேருல ஒருத்தன் வந்தான். ஒரு பொண்ணு அவன்கிட்ட மனசு விட்டுப் பேசுனதப் போட்டோ புடிச்சு அவ வீட்டுக்காரனுக்கே அனுப்பிட்டான். அந்தப் பொண்ணு இன்னிக்கு வரைக்கும் தாய் வீட்லதான் கெடக்குது. அன்னிக்குத்தான் நான் பெண்கள் மட்டும்னு போட்டேன்."

"நான் ஆப்பரேஷன் பண்ணிக்கிட்டத வரைக்கும் சொல்லியிருக்கேனே ஸ்வர்ணலதாகிட்ட" என்றாள் மழைத்துளி மெல்ல.

"நான் எங்க வீட்டுக்காரரு குடிக்கிறத."

"எங்க மாமியா என்னப் பண்ணுனத."

ஒவ்வொருத்தியாகச் சொல்லச் சொல்ல, அவர்கள் தனியே எழுதியது ஒவ்வொன்றும் படியில் இருந்தவனுக்கு ஞாபகம் வந்தது. விளையாட்டாக நினைத்தது இதைத்தானா? ஜெயராணியின் குரல் மட்டும் கேட்கவில்லை. அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது.

"கேட்டுடுவோம்" என்றாள் சிவகாமு. குழுவில் பேசிப் பதிவு போட்டாள். அவள் மேலே பேசியது படி வழியாகவும் இறங்கியது. "ஸ்வர்ணலதா, நீ பொம்பளையா ஆம்பளையா? ஒரே வார்த்த சொல்லு. நீ சொல்றத நாங்க நம்புறோம்."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.

தண்ணீர் எடுக்கிற சாக்கில் ஸ்ரீமதி இறங்கி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் கோபம் கொஞ்சம் குறைந்தது. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொம்பளதான்னு போட்டுடவா?" என்று கிசுகிசுத்தான். "நம்புறோம்னு சொல்லுதே அந்தம்மா. ஒரு வார்த்தையில எல்லாம் சரியாப் போயிடும்."

"போடு. அம்மாவும் நம்பிடுவாங்க. நாளையிலேருந்து இன்னும் நெறய சொல்லுவாங்க. கேட்டுக்கிட்டே இரு."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

இளவரசு முதலில் தனிச்செய்திகளைத் திறந்தான். மழைத்துளி, கத்தரிப்பூ, பவானி, இன்னும் பெயர் தெரியாத அத்தனை பேர். ஒவ்வொன்றாக அழித்தான். கடைசியாகக் கடலூர் ராணி. அவள் சொன்னதை இன்னொரு தடவை படிக்கலாமா என்று விரல் தயங்கியது. படிக்காமல் அழித்தான். பிறகு எழுதினான். ஒரு மூட்டையை இறக்கி அடுத்ததற்குக் குனிகிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது.

அனுப்பினான். மேலே முப்பது போன்களும் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

சிவகாமுதான் படித்தாள். "'நான் ஆம்பளதான். உடம்பால ஒழைச்சுப் பொழைக்கிறவன். செண்பகா மேல இருந்த ஆசையில வந்தேன், வேற எண்ணம் கெடையாது. நீங்க சொன்னது எதையும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இப்ப எல்லாத்தயும் அழிச்சிட்டேன். ஆனா நீங்க அக்காகிட்ட சொன்னத நான் கேட்டது தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேக்க மூஞ்சி இல்ல. பவானிக்கு நேரம் தவறாம காப்புப் போடுங்க.'"

பிறகு எல்லாரும் ஒரேயடியாகப் பேசினார்கள். "நாசமாப் போறவன்" என்று ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். "பொய் சொல்லித் தப்பிச்சிருக்கலாம், சொல்லலியே" என்றாள் இன்னொருத்தி. "அதுக்குன்னு மாலையா போடச் சொல்ற?" என்று மூன்றாவது குரல் சீறியது. மழைத்துளி அழுதாள்.

"காலு வீங்குதுன்னு நான் எழுதுனப்ப, உடனே ஆஸ்பத்திரிக்குப் போம்மான்னு மூணு வாட்டி சொன்னாரு" என்றாள் பவானி. "போனேன். பிரஷர் ஏறியிருந்துச்சு. என்னால திட்ட முடியலக்கா."

சிவகாமு யோசித்தாள். "நல்லது பண்ணுனான்னா பண்ணுனதுதான். சட்டம்னா சட்டந்தான்" என்றாள்.

இளவரசுவின் போனில் ஒரு வரி வந்தது. குழுவிலிருந்து அவன் நீக்கப்பட்டான்.

"மணி பன்னெண்டு ஆவப்போவுது. எவனோ ஒருத்தனுக்காக இந்தப் பொண்ணு வெறுங்கையோட எழுந்திரிக்கக் கூடாது. ராணி, நீ வா. நீ போடு மொதக் காப்ப."

ஜெயராணி வேப்பிலைக் காப்பைப் போட்டாள். அப்புறம் கண்ணாடி வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிற சத்தம். யாரோ தயங்கித் தயங்கி நலங்குப் பாட்டை எடுத்தார்கள். நாலாவது வரியில் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள்.

படிக்கே அவனுக்கு இலை வந்தது. கொண்டுவந்தவள் ஜெயராணி. கண் சிவந்திருந்தது. என்னாச்சு என்று கேட்க வேண்டும் என்று நினைத்தான். வாயில் வந்தது, "புளிச்சோறு பத்துச்சா?"

"மிஞ்சுச்சு" என்றுவிட்டு மேலே போனாள்.

மூன்று மணி பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னல் ஓரம் அவள். புவனகிரிப் பக்கம் திரும்புகிற சாலையைத் தாண்டியபோதுதான் வாய் திறந்தாள்.

"மாமா, ஒன்னு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அந்த ஆளுகிட்ட உங்களப் பத்தியும் சொல்லியிருக்கேன்."

இளவரசு கம்பியைப் பிடித்தான்.

"பொம்பளன்னு நெனச்சு. எங்க அம்மா காரியம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த அன்னிக்கு, நான் மூலையில உக்காந்திருந்தேன். நீங்க வந்து, ஒல வெச்சாச்சான்னு கேட்டீங்க இல்ல? அத. நல்ல மனுசரு, ஒரு நாளு கை நீட்டுனதில்லன்னும் சொன்னேன். ஆனா அதயும் சொல்லிட்டேன். எவனோ ஒருத்தன் உக்காந்து படிச்சிருக்கான். உங்க மானத்த நானே கொண்டுபோயி வித்துட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "திட்டிடுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

திட்டு வாங்கத் தயாராகத்தான் இளவரசு அந்தப் பஸ்ஸில் ஏறினான். அவள் மன்னிப்புக் கேட்பதை அவனால் தாங்க முடியவில்லை.

"ராணி, அது நாந்தான்."

"எது?"

"ஸ்வர்ணலதா."

அழுகையின் நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வெளயாடாதீங்க மாமா. ரேஷன் கடையில கையெழுத்துப் போடவே பேனாவ ரெண்டு வாட்டி ஒதறுவீங்க."

அவன் போனைத் திறந்து அவள் மடியில் வைத்தான். அறுபத்திரண்டாம் அத்தியாயம், பாதி எழுதியது. அவள் நாலு வரி படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

புதுச்சத்திரம் போனது. ஆலப்பாக்கம் போனது.

"ஸ்ரீமதிக்குத் தெரியுமா?"

"ஒரு வாரமா."

"ம்."

கொஞ்சம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மாட்டக் கேட்டான், மோட்டாரக் கேட்டான், அவள மட்டும் கேக்கலன்னு எழுதியிருந்துச்சே. நான் சொன்னதத்தான வேற மாதிரி எழுதுனீங்க?"

"ஆமா."

"இது என் கதைன்னு எனக்கு மட்டும் தெரியும்னு, உள்ளுக்குள்ள அவ்ளோ பெருமையா இருந்துச்சு. சத்தமாப் படிச்சேன் எல்லாருக்கும். நீங்க படியில உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

மடியில் இருந்த போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

முதுநகர் வந்தது. இளவரசு எழுந்து அண்டாவைத் தூக்கினான். ஜெயராணி எழவில்லை.

"நீங்க எறங்குங்க. நான் தேவனாம்பட்டினம் எங்க அக்கா வூட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?"

"எறங்குங்க மாமா. விசில் ஊதிட்டான்."

இறங்கினான். பஸ் உறுமியபடி நின்றது. முன்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். அவள் முதலில் பார்க்கவில்லை. பிறகு கம்பி வழியாகக் குனிந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"பொம்பள பேருல வந்தது போவட்டும். ஏமாத்துனதுகூடப் போவட்டும். என் மனசுல என்னா இருக்குதுன்னு நாலு மாசமா உனக்குத் தெரியும். உக்காந்து கத எழுதுன. அந்த நாலு மாசத்துல, வீட்ல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என்னக் கேட்டியா நீ?"

கல்யாணமாகி இருபத்தோரு வருடத்தில் அவனை அவள் 'நீ' என்று சொன்னதில்லை.

லாரி விலகியது. பஸ் போய்விட்டது.

இளவரசு வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தான். நின்றான். டீக்கடைக்காரரிடம் அண்டாவைக் கொடுத்து, "இருக்கட்டும், வந்து எடுத்துக்குறேன்" என்றான். எதிரே திருப்பாதிரிப்புலியூர் போகிற டவுன் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் ஏறினான்.

அங்கே இறங்கித் தேவனாம்பட்டினத்துக்கு வேறு பஸ் மாற வேண்டும். எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். ஜெயராணியின் அக்கா கதவைத் திறப்பாள். பின்னால் அவள் நிற்பாள்.

கம்பியைப் பிடித்து நின்றபடி அவளிடம் கேட்க ஒரு கேள்வியை யோசித்தான். சரியில்லை என்று அழித்தான். இன்னொன்று யோசித்தான். அதையும் அழித்தான்.

"எங்கண்ணே போவணும்?" என்று கண்டக்டர் இரண்டாவது தடவையாகக் கேட்டார்.